தடுப்புப் பலகைக்கு இந்தப் பக்கம்

நெலிதா கிஸ்பே நாற்பத்தொரு வயதுக்குள் சொன்ன உருப்படியான பொய் ஒன்றே ஒன்றுதான். அதுவும் சொந்தச் சரக்கு இல்லை, தம்பி மனைவி யோவானா சொல்லிக்கொடுத்தது.

"வீட்ல உன்கூட யாரெல்லாம் இருக்காங்க?" என்று குன்றடிச் சுகாதார நிலையத்தின் நர்ஸ் ரொக்ஸானா கேட்டாள். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்திருந்தது. கூட இருப்பவர்களையும் சோதித்தாக வேண்டும்.

"யாருமில்ல சிஸ்டர். ஒண்டிக்கட்டை."

வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். தம்பி எவரிஸ்தோ, யோவானா, அவர்களுடைய ஐந்து வயது மகள் நயேலி. புருஷனும் பெண்டாட்டியும் விடியுமுன்பே எழுந்து, பார்லியும் மூலிகையும் போட்டுக் கஷாயம் கொதிக்கவைத்து, பஸ் நிறுத்தத்துக்கு வண்டி தள்ளிப் போவார்கள். அதனால் நயேலி பிறந்ததிலிருந்தே அத்தையுடன் ஒரே போர்வைக்குள்தான் தூங்கினாள். அத்தையின் காதைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

தாய் தகப்பன் போனபின் பதினைந்து வயதில், ஆறு வயதுத் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மலையிலிருந்து தலைநகர் லிமாவுக்கு இறங்கியவள் நெலிதா. ஜீன்ஸ் தைக்கும் பட்டறையில் சேர்ந்தாள். இருபத்தாறு வருடம் பின்பாக்கெட் மட்டும்தான். ஒரு அறைக்குள் இருபது பெண்கள். திருட்டுக்குப் பயந்து முதலாளி சன்னலைத் திறக்க விடமாட்டான். அந்த இருபதில் யார் இருமியது இவளுக்கு ஒட்டியதோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். நடுவில் இரண்டு பேர் பெண் கேட்டு வந்தார்கள். "தம்பிக்கு ஒரு வழி பண்ணிட்டு" என்றாள். தம்பி தன் வழியைத் தானே பார்த்துக்கொண்டபோது, இவளைக் கேட்க ஆளில்லை.

"அண்ணி, நாம விக்கிறதே நெஞ்சுச் சளிக்கு மருந்து," என்றாள் யோவானா. "நம்ம வீட்லயே காசநோய்னா எவன் வாங்கிக் குடிப்பான்? புள்ளைக்குச் சோறு வேணாமா? ஆறு மாசம், அவ்வளவுதான். தனியா இருக்கேன்னு சொல்லிருங்க."

அவளைக் கொடுமைக்காரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பசி தெரிந்தவள் பேசும் பேச்சு அது. ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆணியும் பலகையும் வந்துவிட்டன. எவரிஸ்தோ அக்காவின் முகத்தைப் பார்க்காமலே ஆணி அடித்தான். அறையை இரண்டாக்கி, அவள் பக்கத்துக்குத் தனி வாசல் வெட்டினான். ரொக்ஸானா நீலச் சீருடையில் வீட்டைப் பார்க்க வந்தபோது அந்தப் பக்கம் ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு கரண்டி இருந்தன. நம்பிவிட்டாள். எதிர்க்கடை எர்மெலிந்தா, "என்னடி, நீலச் சட்டைக்காரி வந்துட்டுப் போறா?" என்று மோப்பம் பிடித்ததற்கு, நாய்க்கு ஊசி போடக் கணக்கெடுக்கிறார்கள் என்றாள் யோவானா. அந்த வீட்டில் நாயே கிடையாது.

தட்டிலும் கோப்பையிலும் யோவானா நகச்சாயத்தால் சிவப்புப் பொட்டு வைத்தாள், மற்றதோடு கலந்துவிடாமல் இருக்க. சாப்பாடு வாசலில் முக்காலியின் மேல் வரும். மருந்து சாப்பிட ஆரம்பித்துச் சில வாரத்தில் மறுபடி சோதித்துவிட்டு, இனி ஒட்டாது என்று நர்ஸ் சொன்னாள். நெலிதா அதை ஆசையாக வந்து சொன்னாள்.

"சிஸ்டர் சொல்வாங்க. நம்ம வீட்டுக்கு வந்து உங்க தட்டுல சாப்பிடுவாங்களா?" என்றாள் யோவானா.

பட்டறையிலும் சீட்டுக் கிழிந்துவிட்டது. நெலிதா காலையில் குன்றிறங்கி, நர்ஸ் கண்ணெதிரே மாத்திரை விழுங்கிவிட்டு, ஏறிவந்து, பழந்துணியை வைத்துக் கையால் தைத்துக்கொண்டிருப்பாள். பேச்சுத்துணைக்குப் பலகையின் இடுக்குதான். அம்மா இல்லாத சமயம் பார்த்து நயேலி அங்கே வாயை வைப்பாள்.

"அத்தை, அந்தப் பக்கம் என்ன பண்றே?"

"தைக்கிறேன்."

"எனக்கா?"

"பின்ன யாருக்கு?"

"எப்போ இந்தப் பக்கம் வருவே?"

அதற்கு மட்டும் நெலிதா குனிந்து ஊசியில் நூல் கோர்க்கத் தொடங்கிவிடுவாள். அத்தனை வருடத்தில் அவள் அழுததைப் பார்த்தவர் இல்லை. அந்த மாதங்களில் அழுதாள்.

மூன்றாம் மாதம் அவளுக்கு உடம்பு தேறியது, கன்னத்தில் சதை வைத்தது. அதே சமயம் பலகைக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்க ஆரம்பித்தது. சளி கட்டிய இருமல் இல்லை, வறண்டு, விட்டு விட்டு வரும் இருமல். நெலிதாவுக்கு முதலில் வந்த இருமல் அதேதான். இரண்டு வாரம் பொறுத்தாள். குழந்தை சாப்பாட்டைத் தள்ளுவதும், விடியும்போது சட்டை வியர்வையில் நனைந்து கிடப்பதும் இடுக்கு வழியாகத் தெரிந்தது.

"யோவானா, புள்ளையைச் சிஸ்டர்கிட்ட காட்டிடு. கெஞ்சிக் கேக்கறேன்."

"பயந்திருக்கா அண்ணி. சந்தையில ஒரு நாய் மேல பாய்ஞ்சுது. முட்டை சுத்தித் தண்ணியில உடைச்சுப் பார்த்தாச்சு, நாய் உருவமே அச்சா விழுந்துது. இன்னும் ரெண்டு செவ்வாக்கிழமை சுத்தினா சரியாயிடும்."

"இது பயம் இல்லம்மா…"

"பெத்தவ நான். எனக்குத் தெரியாதா?"

அந்தச் சொல் நெலிதாவுக்குச் சுருக்கென்று தைத்தது. தம்பியிடம் போனாள். அவன் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "விடுக்கா. அவ பார்த்துக்குவா," என்றான்.

வாயைத் திறந்தால் தம்பியின் பிழைப்பு போகும், தம்பியும் போவான். திறக்காவிட்டால் குழந்தை. மறுநாள் காலை மாத்திரையை விழுங்கியபின் அவள் எழுந்திருக்கவில்லை.

"சிஸ்டர், நான் பொய் சொல்லிட்டேன். என்கூடத் தூங்கின புள்ள ஒண்ணு இருக்கு. இருமுது."

ரொக்ஸானா பேனாவைக் கீழே வைத்தாள். "தினம் என் மூஞ்சியப் பார்த்துத்தானே மாத்திரை முழுங்கினே? ஒரு நாள்கூட வாய் வரலியா?"

"வரல சிஸ்டர். திட்டுங்க. ஆனா இன்னிக்கே வாங்க. அந்த நீலச் சட்டை மட்டும் வேணாம்."

நர்ஸ் சாதாரண ஸ்வெட்டரும் காய்கறிப் பையுமாக வந்தாள். என்ன பிரயோசனம்? "இப்பவும் நாய்க் கணக்குத்தானா?" என்று எர்மெலிந்தா கடையிலிருந்தே கூவினாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? குழந்தையின் நெஞ்சில் நோய் இருப்பது எக்ஸ்ரே படத்தில் தெரிந்தது. ஆரம்பம்தான், குணமாகிவிடும், இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் கஷ்டம் என்றார்கள். பெற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. அந்த வாரமே கஷாயப் பானை போன கனத்திலேயே திரும்பி வந்தது.

எவரிஸ்தோ அக்காவின் வாசலுக்கு வந்து நின்றான். பலகை அடித்தபின் அவன் அவள் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை.

"நாங்க தெக்கால போறோம் அக்கா. யோவானாவோட சித்தி வீட்டுக்கு. இங்க இனி ஓடாது."

"மாத்திரைய நிறுத்திடாதீங்க."

"மாட்டோம்."

பானைகளுக்கு நடுவே நயேலியைப் போர்வை சுற்றி வண்டியில் உட்காரவைத்தார்கள். "அத்தை வரலியா?" என்று அவள் கேட்டதும், "அத்தைக்கு வேலை இருக்கு" என்று யாரோ சொன்னதும் நெலிதாவுக்குக் கேட்டது. அதன்பின் தம்பியின் போன் நம்பர் மாறிவிட்டது.

பலகையை அவள் பிடுங்கவில்லை. பிடுங்கினால் வீடு இன்னும் பெரிதாகிவிடும்.

ரொக்ஸானா நல்லவள். தெற்கிலுள்ள நிலையத்து நர்ஸுக்கு போன் போட்டுக் கேட்பாள். "இன்னிக்கும் முழுங்கிட்டாளாம்." நெலிதாவுக்கு அது போதும். சிகிச்சை முடிந்து, குணமாகிவிட்டது என்று அவளை அனுப்பிவைத்தார்கள். மறுநாள் எட்டு மணிக்கு மறுபடி வந்து நின்றாள்.

"என்ன, ஏதாவது பண்ணுதா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. பாப்பா முழுங்கினாளா?"

அன்றிலிருந்து வாரம் இரண்டு தடவை இறங்கிவந்தாள். நயேலிக்கு எடை ஒரு கிலோ கூடியது, முன்பல் ஒன்று விழுந்தது, மாத்திரையைத் தண்ணீர் இல்லாமலே விழுங்கிக் காட்டி மற்றப் பிள்ளைகளிடம் பெருமையடித்தது எல்லாம் இப்படித்தான் அவளுக்குத் தெரிந்தன. கேட்டதை வாரம் பூராவும் தனக்குள் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொள்வாள்.

மழைத்தூறல் பிடித்த ஒரு காலையில் ரொக்ஸானா அவளை வாசலிலேயே கட்டிக்கொண்டாள். "முடிஞ்சுது நெலிதா! படம் சுத்தமா இருக்காம். பேரை அடிச்சுட்டாங்க, இனிமே அவ அங்க வரவே வேண்டாம்."

நெலிதா கையெடுத்துக் கும்பிட்டாள், சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள். படியிறங்கப் போனவள் நின்றாள்.

"அப்போ இனிமே அவளைப் பத்தி எனக்கு யாரு சொல்வா சிஸ்டர்?"