அம்பின் வாலில் ஒரு விளக்கு

எங்கள் வரவேற்பறையில் இரண்டு மாதம் ஒரு மான்கொம்பு காய்ந்தது. சாமிப்படங்கள் இருந்த சுவருக்கு நேர் எதிர்ச்சுவரில். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும்போது எனக்கு முதுகு கூசும். அஹுன்ட்சிக் என்ற பகுதியில் இரண்டறை அப்பார்ட்மென்ட். வேறு எங்கே வைப்பது? குசினியில் வைத்தால் சமையல் ஆவி படும், பல்கனியில் வைத்தால் பனி கொட்டும். சாதாரண அறைக் காற்றில்தான் கொம்பு காய வேண்டும், காய்ந்த பிறகுதான் வேட்டைக்காரர் சங்கத்தில் அளப்பார்கள். ஈரக் கொம்பு காயக் காயச் சுருங்குமாம். ஈரத்தோடு அளந்தால் மற்ற வேட்டைக்காரர்களுக்கு அநியாயமாம். மானைக் கொன்றுவிட்டு நியாயம் பார்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

என் கணவருக்கு டோர்வல் விமான நிலையத்தில் பயணப்பொதி ஏற்றுகிற வேலை. கூட வேலை செய்த ஒரு பிரெஞ்சுக்காரர்தான் அவரை வில் வேட்டைக்கு இழுத்துப் போனவர். அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இவருக்கு அந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தவர் அவர். சின்னவள் பிறந்த அன்று பனிப்புயலுக்குள் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் அவருடைய கார்தான். யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் போட்டு நான் வைக்கிற மான் கறியை மூக்கு வடிய வடியச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் என்று கோப்பையை நீட்டுவார். நாங்கள் இந்த ஊருக்கு வந்து சேர்த்த சொந்தம் என்றால் அவரும் அவருடைய மனைவியும்தான்.

வேட்டைக்குப் போகத் தொடங்கிய புதிதில் ஒருமுறை இவர் விட்ட அம்பு மாலை மங்கலில் ஒரு மானில் பட்டது. மான் ஓடிவிட்டது. இரண்டு பேரும் காடு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர் சோற்றைப் பிசைந்தபடி இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"அது எங்கையோ கிடந்து சாகுதப்பா," என்றார்.

"அப்ப ஏன் போறியள்? விட்டுட்டு வீட்டிலை இருங்கோவன்," என்று நான் எரிந்து விழுந்தேன்.

அடுத்த வருடம் பிரெஞ்சுக்காரர் ஒரு பெட்டி வாங்கிவந்து பாதியை இவருக்குக் கொடுத்தார். அம்பின் வாலில் பொருத்துகிற சின்னச் சின்ன விளக்குகள். நாணை விட்டு அம்பு கிளம்பியதும் சிவப்பாக எரியும். எங்கே பட்டது, மான் எந்தப் பக்கம் ஓடியது என்று இருட்டிலும் தெரியும். அந்த இலையுதிர்காலத்தில்தான் பிரெஞ்சுக்காரர் தன் வாழ்நாளிலேயே பெரிய மானை விழுத்தினார். வில் வேட்டைக்காரர் சங்கத்தின் சாதனைப் பட்டியலில் அவருடைய பெயர் ஏறியது. அவர் வீட்டு ஹோலில், பேரப்பிள்ளைகளின் படங்களுக்கு நடுவில், சங்கம் கொடுத்த பலகை தொங்கியது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைத்தான் முதலில் காட்டுவார்.

அதற்கு அடுத்த வருடம் இவருடைய முறை வந்தது, அதே விளக்கு அம்பால் இவரும் ஒரு பெரிய மானை விழுத்தினார். காய்ந்த கொம்பைப் பார்த்த பிரெஞ்சுக்காரர், இதுவும் நிச்சயம் பட்டியலில் ஏறும் என்று துள்ளினார். ஊரில் படம் வரைபவராக இருந்த மனிதர், இங்கே அடுத்தவன் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார். தன் பெயர் இந்த நாட்டில் ஏதாவது ஒரு இடத்தில் மரியாதையோடு எழுதப்பட வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. வாயால் சொன்னதில்லை. கொம்பைத் துணியால் துடைக்கிற விதத்தில் எனக்குத் தெரிந்தது.

சங்கத்துக்காக அளக்கிறவர் ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியர். பக்கத்து ஊரான லாவாலில் தன் வீட்டு நிலக்கீழ் அறையில் வைத்து, சம்பளமில்லாமல் அளப்பார். வேடிக்கை பார்க்க நானும் போனேன். போகும் வழியில் பிரெஞ்சுக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சொன்னார்: "வில்லிலோ அம்பிலோ மின்சாரத்தில் வேலை செய்யும் ஏதாவது இருந்ததா என்று கேட்பார். இல்லை என்று சொல். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் இவர்களுடைய வில்லை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு முனையிலும் சக்கரம் மாதிரிச் சில்லு. இழுக்கும்போதுதான் பாரம், முழுக்க இழுத்துவிட்டால் பெரும்பாரத்தைச் சில்லே தாங்கிக்கொள்ளும். குறி பார்க்க ஊசிகள், காபன் அம்பு. தூரம் சொல்லும் கருவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம், வில்லில் பூட்டினால்தான் குற்றம். இத்தனைக்கும் சரி சொன்ன சங்கத்தார், செத்த மானைத் தேடிப் பிடிக்க உதவுகிற ஒரு துளி வெளிச்சத்துக்கு மட்டும் கூடாது என்றார்கள். எங்கேயாவது கோடு போடத்தானே வேண்டும், இன்றைக்கு விளக்கை விட்டால் நாளைக்குத் தானாகக் குறிபார்க்கும் வில் வரும் என்று பிரெஞ்சுக்காரரே சொல்லியிருந்தார். விதி சரி, தனக்கு மட்டும் பொருந்தாது என்பது அவருடைய கட்சி. முக்கால்வாசிப் பேருடைய கட்சியும் அதுதானே.

ஆசிரியர் மெல்லிய இரும்பு டேப்பால் கொம்பின் ஒவ்வொரு கிளையையும் பொறுமையாக அளந்தார். கடைசியில் நிமிர்ந்து சிரித்தார். பட்டியலுக்குத் தாராளமாகப் போதும். பிரெஞ்சுக்காரர் இவருடைய முதுகில் ஓங்கித் தட்டினார். பிறகு ஆசிரியர், வழக்கமாகக் கேட்பதைக் கேட்கிற குரலில், மின்சாரத்தில் வேலை செய்யும் ஏதாவது வில்லிலோ அம்பிலோ இருந்ததா என்று கேட்டார்.

இவருடைய முகம் மாறியதை நான் கண்டேன். அந்த முகம் எனக்குத் தெரியும். எங்கள் அகதி விசாரணையில் பார்த்த முகம்.

முதல் விசாரணையில் இவர் ஒரே ஒரு விஷயத்தை மறைத்தார். தன்னை வீட்டில் ஒளித்து வைத்திருந்த நண்பனின் பெயரை. அவன் இன்னும் அங்கேதான் இருந்தான், அவனுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்ற பயம். கதையில் ஓட்டை இருக்கிறது, நம்ப முடியாது என்று மறுத்துவிட்டார்கள். அதன் பிறகு வருடக்கணக்கில் நாங்கள் பட்ட பாட்டை எழுதி மாளாது. திரும்ப விசாரணைக்குப் போனபோது வக்கீல் தலையில் அடித்த மாதிரிச் சொல்லி அனுப்பினார்: கேட்டதற்கு முழுக்கச் சொல்லுங்கள், யார் கூட இருந்தது, எப்போது, எங்கே, எல்லாவற்றையும், ஒன்றை மறைத்தால் எல்லாம் போகும். இவர் நண்பனின் பெயரைச் சொன்னார். எங்களை ஏற்றுக்கொண்டார்கள். ஒரு அதிகாரி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து கேள்வி கேட்டால் எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பது அன்றோடு இவருக்குள் இறுகிவிட்டது.

"இருந்தது," என்றார் இவர், தன் மெதுவான பிரெஞ்சில். "அம்பின் வாலில் விளக்கு."

"எங்கே வாங்கினீர்கள்?"

"இவர் தந்தார். இவரும் அதைத்தான் பாவிக்கிறார்."

"எப்போதிருந்து?"

"போன வருடத்திலிருந்து."

போன வருடத்து மானையும் இதே மேசையில் வைத்து அளந்தவர் அந்த ஆசிரியர்தான். டேப்பைச் சுருட்டி மேசையில் வைத்துவிட்டு, அவர் பிரெஞ்சுக்காரரைப் பார்த்தார். பிரெஞ்சுக்காரர் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

திரும்பி வந்து எங்கள் வாசலில் காரை நிறுத்தியதும் பிரெஞ்சுக்காரர் கேட்டார்: "என்னைப் பற்றி உன்னிடம் யார் கேட்டது?"

"ஆசிரியர் கேட்டாரே," என்றார் இவர். இவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

இவருடைய கொம்பை ஏற்கவில்லை. பிரெஞ்சுக்காரரின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கி, பலகையைத் திருப்பிக் கேட்டார்கள். அவர் வேறு ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டார். வேலையிடத்தில் இவர் சாப்பாட்டு அறைக்குள் போனால் மற்றவர்களின் கதை நின்றுவிடும். பிறகு இவர் குளிர்காலத்திலும் காருக்குள் இருந்தே சாப்பிட்டார். நான் கேக் செய்து கொண்டுபோய் அவர்கள் கதவைத் தட்டினேன். அவருடைய மனைவி வாங்கிக்கொண்டு, மெர்சி என்று நன்றி மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினார். எனக்கு எல்லார் மேலும் ஆத்திரம் வந்தது. பொய் சொல்லச் சொன்னவர் மேல், வாயை மூடத் தெரியாத என் மனுசன் மேல், இவரை இப்படிப் பழக்கி வைத்த அந்த விசாரணை அறையின் மேல். இவர் வில்லை அடித்தளத்து லொக்கருக்குள் வைத்துப் பூட்டினார். கொம்பை யாரோ கேட்கக் கொடுத்துவிட்டார்.

பல வருடங்கள் கழித்து, அந்த விளக்குகளை இனி அனுமதிப்பதாகச் சங்கம் முடிவெடுத்த செய்தி இவர் காதுக்கு எட்டியது. தன் மானைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கே சங்கத்துக்கு அழைத்து, நீக்கிய பெயரைத் திரும்பச் சேர்ப்பார்களா என்று கேட்டார். மானை விழுத்தியவரே கேட்டால் பார்க்கலாம் என்றார்களாம்.

"இப்ப அவருக்குப் போன் எடுத்துச் சொல்லலாம் தானே?" என்று என்னிடம் கேட்டார். குரலில் ஒரு துடிப்பு.

"ஓம், எடுங்கோ. சந்தோசப்படுவார்," என்றேன்.

தொலைபேசியை எடுத்தது பிரெஞ்சுக்காரரின் மனைவி. இவர் மூச்சு விடாமல் செய்தியைச் சொன்னார். அந்த அம்மா சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. வசந்தத்தில் அவர் இறந்துவிட்டார். புற்றுநோய். உங்களுக்கு அறிவிக்க வேண்டாம் என்று அவரேதான் சொன்னார்.

இவர் தொலைபேசியை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். நான் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தேன், தொடவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அண்டைக்கு இல்லையெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, அந்த மனுசனைத் தூக்கிக்கொண்டு போகேக்கை நானும் ஒரு பக்கம் பிடிச்சிருப்பன், என்னப்பா," என்றார்.