மடியில் வந்த மூன்றாவது செல்

போர்ட் பிளேருக்கு அந்த மூன்றாவது ஸ்டாண்டர்டு செல் என் மடியில்தான் வந்தது. ஒரு சின்ன மரப்பெட்டி. உள்ளே கண்ணாடிக் குழாயில் பாதரசமும் ஏதோ உப்புக் கரைசலும். அதை வைத்து ஒரு டார்ச்சைக்கூட எரிக்க முடியாது. மாறாத ஒரு வோல்டேஜைக் காட்டிக்கொண்டு சும்மா இருப்பதுதான் அதன் வேலை. என் கணவரின் சோதனைக்கூடத்தில் மீட்டர்களையெல்லாம் அதை வைத்துத்தான் சரிபார்ப்பார்கள். சரிந்தால் அளவு கெட்டுவிடும் என்பதால் சரக்கோடு போட மாட்டார்கள். ஆள்தான் தூக்கி வர வேண்டும். லீவு முடிந்து சென்னையிலிருந்து திரும்பிய அவரிடம் கொடுத்தனுப்பினார்கள். இங்கே ஜஹாஜ் என்று சொல்லும் கப்பலில் ஏறிய மறுநாளே மனுஷன் வாந்தியெடுத்துப் படுத்துவிட்டார். பெட்டி என்னிடம் வந்தது. என் பிள்ளைகளைக்கூட நான் அவ்வளவு பதனமாகப் பிடித்ததில்லை.

சில வாரம் அசைக்காமல் வைத்திருந்து அளந்தார்கள். ஏற்கெனவே இருந்த இரண்டு செல்லும் ஒரே அளவைக் காட்ட, புதியது வேறு காட்டியது. அவை இரண்டும் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி என்றாகிவிட்டது.

அன்று எங்கள் மரைன் ஹில் குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அவர் கேட்டார்.

“ஏட்டி, நெசத்தச் சொல்லு. ஜஹாஜுல எங்கயாச்சும் சரிச்சியா?”

“இல்லங்க. நான் கண்ணக்கூட மூடல.”

“அப்ப அந்த ரெண்டும் சேந்தாப்புல மாறிருச்சுன்னு சொல்லுதியா?”

“ஒரே ரூம்புல, ஒரே சூட்டுலதான கெடக்கு. மாறாதா?”

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவை மாறியிருந்தால், இத்தனை வருடம் இவர் சரியென்று கையெழுத்துப் போட்டதெல்லாம் தப்பு. அன்றிலிருந்து சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பக் கேட்பார்; நானும் கண்ணை மூடவில்லை என்றே சொல்வேன். புதியதை மெயின்லேண்டுக்கே அனுப்பிச் சோதிக்கலாமென்றால், மறுபடியும் கப்பல். கெட்டது வரும்போதா போகும்போதா என்று யார் சொல்வது? எனக்கும் தலை சுற்றியது. கொஞ்சமாவது கண்ணயர்ந்தேனா? காற்றில் கப்பல் புரண்டபோது பெட்டி நேராகத்தான் இருந்ததா? நினைக்க நினைக்க, நடந்தது எது, நான் பயந்தது எது என்றே பிரியவில்லை.

ஒரு மத்தியானம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

“சரிச்சிட்டேங்க. தூங்கிப் போயிட்டேன்” என்றேன்.

கோபப்படவில்லை. முகம் தெளிந்து, “அதான பாத்தேன்” என்று மறுபடி உட்கார்ந்து, ரசம் கேட்டார். ஊற்றினேன். ஆத்திரத்தில் கரண்டியை ரசச்சட்டியில் ணங்கென்று போட்டேன். நான் சொன்னது பொய்யா உண்மையா என்று எனக்கே இன்றுவரை தெரியாது. கண்ணை மூடவில்லை என்று அத்தனை தடவை சொல்லியும் நம்பாதவர், இதை ஒரே தடவையில் நம்பிவிட்டார்.