வராத ரயிலுக்கு ஒரு அறிவிப்பு

மேஸ்திரி செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே தயங்கி நின்றார்.

"அம்மா, பழைய ஸ்டேஷன்ல மைக்ல பேசினவங்க வீடு இதுதானே?"

"இதேதான். என் தங்கச்சி" என்றாள் பெரியவள். அதைச் சொல்லும்போது இன்றும் அவள் தலை நிமிரும்.

ஊரில் பாதிப் பேர் சின்னவள் குரலை நம்பி ரயிலேறியவர்கள். முந்தைய நிலையத்துக்குப் போன் போட்டு உறுதி செய்துகொள்ளாமல் அவள் மைக்கைத் தொடமாட்டாள். வராத ரயிலை ஒருநாளும் வரும் என்று சொன்னதில்லை. பின்னாளில் அந்தக் குரலை இயந்திரத்தில் பதிந்துவிட்டார்கள். பொத்தானை அமுக்குவது மட்டும் அவள் வேலையாயிற்று. "என் குரலுக்கு நானே வேலைக்காரி ஆயிட்டேன்க்கா" என்று சிரிப்பாள். ஊருக்கு வெளியே புது நிலையம் வந்ததும் ரயில்கள் ஒவ்வொன்றாக அங்கே போயின. பழையதற்குப் பூட்டுப் போட்டார்கள். அதன்பின் அவள் தொண்டையில் கட்டி. அறுவை சிகிச்சையில் உயிர் தங்கியது, குரல் போயிற்று.

"ஸ்டேஷனை இடிக்கிறதுக்காக மெயின் சுவிட்சைப் போட்டோம்" என்றார் மேஸ்திரி. " உடனே ஒரு பொம்பளை குரல். வண்டி வருது, தண்டவாளத்தைக் கடக்காதீங்கன்னு. பொத்தான் சிக்கிக்கிச்சு போல, எதுல நிறுத்துறதுன்னு தெரியல. தண்டவாளத்தையே பிடுங்கியாச்சும்மா. ஆனா ஆளுங்க கடக்கமாட்டேங்கிறாங்க."

"நீங்க கடந்தீங்களா?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "கான்ட்ராக்டர் கேட்டா, கடந்தேன்னுதான் சொல்வேன்."

உள்ளறையில் கேட்டுக்கொண்டிருந்த சின்னவள் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். பெரியவள் செல்போனை எடுத்துக்கொண்டாள். வீட்டில் அந்தக் குரல் எதிலுமே இல்லை. ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவளைப் பதிந்துவைக்க யாருக்குத் தோன்றும்?

அறிவிப்பு அறையில் தூசி கணுக்காலை மூடியது. கண்ணாடிக்கு அப்பால் வேலையாட்கள் நடைமேடை விளிம்பிலேயே நின்றார்கள். 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று குரல் எழுந்தது. பழைய குரல், துளியும் மாறாமல். பெரியவள் தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் இருக்கும் தங்கை எங்கிருந்தோ கூப்பிடுவதுபோல் இருந்தது.

"இருடி, பிடிச்சு வச்சுக்கறேன்" என்று செல்போனை உயர்த்தினாள்.

சின்னவள் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். கண்ணாடி வழியே வெறும் குழியாய்க் கிடந்த தண்டவாளப் பாதையைக் காட்டினாள். தலையசைத்தாள், வேண்டாம் என்று. பிறகு இயந்திரத்தின் பின்பக்கம் கைவிட்டு, பழகிய விரலால் சுவிட்சை அணைத்தாள்.

பாதி வாக்கியத்தில் குரல் அறுந்தது. அவள் உதடுகள் நிற்கவில்லை. மீதி வாக்கியம் சத்தமின்றி, நிறுத்தி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

வெளியே எல்லாரும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வாய் மூடும்வரை ஒருவரும் குழியில் கால் வைக்கவில்லை.