நீங்க எந்த சாராங்க?

கிணத்துக்கடவில் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டு, கோபம் ஆறாமல் நேராக பிரவுசிங் சென்டருக்கு வந்து நம் குழுமத்துக்கு இந்த மடலை அடிக்கிறேன்.

வீடு எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கார அம்மா உட்காரவைத்து காபி கொடுத்தார்.

"பேரென்னங்க அம்மணி?"

"சாராங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"எம் மருமகளுக்குப் பிரசவம் பாத்த டாக்டரும் சாராதானுங்க. முஸ்லிம் அம்மா. இந்த ஊர்ல பாதிக் கொழந்தைக அவங்க கையில பொறந்ததுங்க. எம் பொண்ணுக்குக் கணக்கு சொல்லிக்குடுத்த டீச்சரும் சாராதான். கிறிஸ்தவங்க. அவங்க இல்லீன்னா இவ இஞ்சினியர் ஆயிருக்கவே மாட்டாளுங்க."

பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"நீங்க எந்த சாராங்க கண்ணு?"

"எந்த சாராவா இருந்தா வீடு குடுப்பீங்க?"

"தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. ரெண்டு பேருக்குமே குடுக்கறதில்லீங்க. இப்பக் காலம் செரியில்லீங்க."

"அந்த டாக்டரம்மாவே வந்து கேட்டா?"

"அவங்க ஏனுங்க இங்க குடிவரப் போறாங்க? காபி ஆறுது, குடிங்க கண்ணு."

டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டு என்னை இதுவரை யாரும் வெளியே அனுப்பியதில்லை.

நான் எந்த சாரா என்று அவரிடம் சொல்லவில்லை. இங்கேயும் சொல்லப்போவதில்லை.

கிணத்துக்கடவுப் பக்கம் வேறு வீடு காலியிருந்தால் எழுதுங்கள். எனக்கு ஒரே நிபந்தனைதான். அந்த வீட்டுக்காரருக்கு இதற்கு முன் எந்த சாராவும் ஒரு நல்லதும் செய்திருக்கக் கூடாது.