கடைசி ரீலைப் பார்க்காமல் சொன்ன தீர்ப்பு

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிற உறவினர்களும் நண்பர்களும் முதலில் அவருடைய புகைப்படத்தைப் பார்ப்பீர்கள். பிறகு தங்கை என்ன எழுதியிருக்கிறாள் என்று புரட்டுவீர்கள். இப்படிப்பட்ட கட்டுரையில் வழக்கமாக இருப்பதெல்லாம் இதிலும் இருக்கும். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக மட்டும் இல்லை. அண்ணனுக்கு நான் ஒரு துரோகம் செய்துவிட்டேன். அதை அவரிடமே சொல்லி அழலாம் என்றால் இனி வழியில்லை. உங்களிடம்தான் சொல்லியாக வேண்டும்.

அண்ணன் பிறந்தது தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்தார். அண்ணன் காலேஜில் சேர்ந்த வருடமே அப்பா கர்த்தருக்குள் நித்திரையானார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து கொடுத்துவிட்டு, மேற்குத் தாம்பரத்தில் ஓட்டு வீடு ஒன்றில் அம்மாவையும் என்னையும் குடிவைத்தார் அண்ணன். படிப்பை விட்டார். சைதாப்பேட்டையில் ஓர் அரசு ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்தார். சில வருடங்களில் அம்மாவும் போய்விட்டார்கள். என்னை ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பியது, வேலை வாங்கிக்கொடுத்தது, கல்யாணம் செய்துவைத்தது எல்லாம் அவர்தான். அவருடைய கல்யாணப் பேச்சை நாங்கள் எடுத்தால், "உனக்கு முதல்ல முடியட்டும்" என்பார். எனக்கு முடிந்த பிறகு, "இனிமே என்னை யாரும்மா கட்டிக்குவா" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் சினிமா. எங்கள் சபையில் அதைப் பாவம் என்றே நினைத்தார்கள். சபைப் போதகரான ஐயர் ஒருமுறை வீட்டுக்கே வந்து புத்தி சொன்னார். அண்ணன் கைகட்டிக் கேட்டுக்கொண்டார். கடைசியில், "நல்ல படம் எது, கெட்ட படம் எதுன்னு பிரிச்சுச் சொல்லவும் ஒரு ஆள் வேணும் இல்லீங்களா ஐயா?" என்றார். ஐயர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அண்ணன் சும்மா படம் பார்க்கிறவர் இல்லை. வருடம்தோறும் டில்லியில் விருது அறிவித்துப் பேப்பரில் வந்ததும் அவருக்கு வயிறு எரியும். கொடுக்க வேண்டிய படத்துக்குக் கொடுக்கவில்லை என்பார். அப்படி எரிந்து எரிந்துதான், அறுபதுகளில் ஒரு வருடம், அவரும் அவருடைய சிநேகிதர் சாமுவேல் சாரும் சேர்ந்து நாமே ஒரு தீர்ப்புச் சொன்னால் என்ன என்று ஆரம்பித்தார்கள். சாமுவேல் சார் ஸ்டேஷன் பக்கத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறார். சனிக்கிழமை சாயங்காலம் கிளாஸ் முடிந்ததும் மெஷின்களுக்கு உறை போட்டு மூடிவிட்டு, அந்த முக்காலிகளிலேயே உட்கார்ந்து பேசுவார்கள். ஆறேழு பேர் இருப்பார்கள். வருடக் கடைசியில் இரண்டு படங்களைப் பொறுக்கி ஓட்டுப் போடுவார்கள். ஜெயித்த படத்தை எடுத்தவர்களுக்குச் சாமுவேல் சார் ஒரு கடிதம் டைப் செய்வார். எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கோடம்பாக்கத்துக்கு அனுப்புவார்கள். அவ்வளவுதான் எங்கள் ஊர் விருது. ஒரு வருடமும் பதில் வந்ததில்லை. அண்ணன் அதைப் பற்றிக் கவலைப்பட்டதும் இல்லை.

அங்கே நடந்த சண்டைகளை நான் டீ கொண்டுபோய்க் கொடுக்கும்போது கேட்டிருக்கிறேன். பீர்க்கன்கரணையில் நிலம் வைத்திருக்கும் முனுசாமி அண்ணன், "சிரிக்க வெச்ச படத்துக்கு அவார்டு கெடையாதா? இன்னா சார் நியாயம் இது?" என்று மேஜையைத் தட்டுவார். பாட்டுக்கு எத்தனை மார்க், நடிப்புக்கு எத்தனை மார்க் என்று ஒருவர் கணக்குப் போடுவார். அண்ணனுக்கு ஒரே அளவுகோல்தான். கதாநாயகனைக் கடைசியில் சாகடித்து ஜனங்களை அழவைத்தால் அந்தப் படம் அவர் கணக்கில் அவுட். "அழ வைக்கிறது பெரிய வித்தையா? வெங்காயம் கூடத்தான் அழ வைக்குது. பொழச்சு வந்தவனை வெச்சுப் படத்தை முடிக்கிறான் பாரு, அவனுக்குக் கொடு" என்பார்.

ஒரு சட்டமும் வைத்திருந்தார். ஓட்டுப் போடுகிறவர் படத்தைப் பேர் போடுவதிலிருந்து 'சுபம்' போடுவது வரை பார்த்திருக்க வேண்டும். கிழித்த அரை டிக்கெட்டைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அதை அண்ணன் தன் நோட்டில் ஒட்டி, பக்கத்தில் பேரையும் ஓட்டையும் எழுதுவார். டிக்கெட் இருந்தாலும் விட்டுவிட மாட்டார். முடிவைச் சொல்லச் சொல்லிக் கேட்பார். ஏனென்றால் தியேட்டரில் விற்கும் பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் இருக்குமே, அது ஒருநாளும் முடிவைச் சொல்லாது. 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நின்றுவிடும்.

முனுசாமி அண்ணன் ஒருமுறை அதில்தான் மாட்டினார். படம் முடிய அரை மணி இருக்கும்போதே ரயிலைப் பிடிக்க எழுந்து வந்திருக்கிறார். டிக்கெட்டைக் காட்டினார். முடிவைக் கேட்டதும் முழித்தார். அண்ணன் எல்லோர் எதிரிலும் அவர் பேருக்குப் பக்கத்தில் 'செல்லாது' என்று எழுதினார். முனுசாமி அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மூன்று வருடம் அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. சிநேகிதத்தை விடவா உனக்குச் சினிமா பெரிசு என்று நான் அண்ணனிடம் சண்டை போட்டேன். "பாக்காததைப் பாத்தேன்னு சொன்னா, அப்புறம் டில்லிக்காரனுக்கும் நமக்கும் என்னம்மா வித்தியாசம்?" என்றார்.

போன வருடம் அண்ணனுக்குக் காலும் முகமும் வீங்கின. சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன என்றார்கள். விஷயம் கேள்விப்பட்டு டாக்சியோடு வாசலில் வந்து நின்றவர் முனுசாமி அண்ணன்தான். குழந்தையைத் தூக்குவதுபோல் அண்ணனைத் தூக்கி வண்டியில் வைத்தார். தாம்பரத்திலேயே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

வருடக் கடைசி. அந்த முறை ஓட்டு மூன்றுக்கு மூன்று என்று நின்றுவிட்டது. தலைவர் என்ற முறையில் அண்ணன்தான் கடைசி ஓட்டுப் போட வேண்டும். ஒன்று ஒரு வாத்தியாரின் கதை. அதை அண்ணன் பார்த்திருந்தார். மற்றொன்று அவர் படுத்த பிறகு வந்தது. பிழைப்புத் தேடிப் பட்டணம் போய் நோயில் விழும் ஒரு அண்ணன், ஊரில் காத்திருக்கும் தங்கை. படத்தின் பேரை எழுத மாட்டேன், எடுத்தவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. சைதாப்பேட்டையில் இன்னும் இரண்டு நாள்தான் ஓடும் என்றார்கள். மூன்று மணி நேரம் வெளியே விடுங்கள், பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று அண்ணன் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார். யாரையும் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இன்றோ நாளையோ என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாமுவேல் சாரும் மற்றவர்களும், நாங்கள் கதை சொன்னால் அவரவர் ஓட்டுப் பக்கம் சாயும், தங்கை பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும், அதைக் கேட்டு ஓட்டுப் போடுங்கள் என்று வற்புறுத்தினார்கள். அண்ணன் தலையணைக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசி வரைக்கும் பாக்கணும். பாப்பியாம்மா?"

"பாக்கறேண்ணா" என்றேன்.

சனிக்கிழமை இரண்டரை மணி ஆட்டத்துக்குப் போனேன். படமா பார்த்தேன்? திரையில் அந்தத் தமையன் இருமும்போதெல்லாம் எனக்கு ஆஸ்பத்திரிக் கட்டில்தான் தெரிந்தது. காலையில் அண்ணன் மூச்சுவிடப் பட்ட பாடு கண்ணிலேயே நின்றது. படம் முடிய ஐந்தரை தாண்டும். ரயில் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி கேட்டை மூடிவிடுவார்கள். வாட்ச்மேன் கறாரான ஆள், முந்தின நாள்தான் என்னைத் திருப்பி அனுப்பியிருந்தார். முடிவைப் பார்த்துவிட்டுப் போய், அதைக் கேட்க அண்ணன் இல்லாவிட்டால்? இடைவேளை மணி அடித்ததும் எழுந்துவிட்டேன். பாட்டுப் புத்தகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

ரயிலில் அதைத் திறந்தேன். தமையன் ஊர் திரும்பினானா, தங்கையின் கண்ணீர் நின்றதா என்று கேட்டுவிட்டு, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று போட்டிருந்தது. பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் நானே ஒரு முடிவைக் கட்டினேன்.

அண்ணன் விழித்துக்கொண்டுதான் இருந்தார். "ரயில் சீக்கிரம் கெடைச்சுதாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அரை டிக்கெட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் அந்தத் தமையன் பிழைத்து, ஊர் ஸ்டேஷனில் இறங்கி, வீட்டு வாசலில் வந்து நிற்கிறான் என்றேன். தங்கை அவனைப் பார்த்து, சாப்பிட்டியா என்று மட்டும் கேட்கிறாள், சுபம் போட்டுவிட்டான் என்றேன்.

"ஒப்பாரி இல்ல?"

"இல்லண்ணா."

"பாட்டு?"

"அதுவும் இல்லண்ணா."

கண்ணை மூடிக்கொண்டார். "இதுக்குத்தாம்மா கொடுக்கணும்" என்றார். நான் அன்று சாயங்காலமே இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய்த் தீர்ப்பைச் சொல்லிவிட்டேன். சாமுவேல் சார் மெஷின் உறையைக் கழற்றி உடனே டைப் செய்தார். திங்கட்கிழமை காலை கடிதம் தபாலில் சேர்ந்தது. அண்ணனும் அன்று காலையிலேயே போய்விட்டார்.

அடக்கம் முடிந்து பத்தாம் நாள் அண்ணன் பேருக்கு ஒரு கடிதம் வந்தது. கோடம்பாக்கத்திலிருந்து. இத்தனை வருடத்தில் வந்த ஒரே பதில். தங்கள் கடிதம் கண்டு கண்கலங்கினோம் என்று எழுதியிருந்தார்கள். கூடத்தில் எல்லோரும் அதை வாங்கி வாங்கிப் படித்தார்கள். நான் சமையலறைக்குப் போய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டேன். நான் அழுவதைப் பார்த்து, பாவம் அண்ணன் நினைப்பு என்றார்கள்.

அந்த ரகசியத்தை நான் என்னோடு கொண்டுபோயிருப்பேன். ஆனால் போன மாதம், இந்த மலரின் அட்டையில் போட அண்ணன் கையெழுத்து வேண்டும் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பெட்டியில் பூட்டிவைத்த துணிப்பையை அன்றுதான் திறந்தேன். தலையணைக்கு அடியில் வைத்திருந்த நோட்டு அதில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் என் அரை டிக்கெட்டை ஒட்டியிருந்தார். பக்கத்தில் அவருடைய பேர். அதற்கு எதிரே, கோணல்மாணலாக, 'செல்லாது.' கீழே எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்: "படம் மூன்று மணி நேரம். தங்கை ஐந்து மணிக்கே வந்துவிட்டாள். அவள் சொன்ன முடிவு நன்றாக இருந்தது. எடுத்தவர்கள் அப்படி முடித்திருக்க மாட்டார்கள். சாமுவேல், இந்த வருஷம் யாருக்கும் வேண்டாம். அவளிடம் சொல்லாதே."

எனக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று சாமுவேல் சாருக்கு எழுதியிருக்கிறார். அதைச் சாமுவேல் சாரிடம் சேர்க்காமல் ஒரு வருடம் பெட்டியில் பூட்டிவைத்தவளும் நான்தான். வாழ்நாள் முழுக்க ஒரு பொய் ஓட்டு விழ விடாதவர் பேரில் பொய்த் தீர்ப்பு ஊரைத் தாண்டிப் போயிற்று. சாகக் கிடக்கும்போதும் என் பொய்யைக் கண்டுபிடித்து, கண்டுபிடித்ததை எனக்குக் காட்டாமல், இதுக்குத்தான் கொடுக்கணும் என்றாரே, அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐயோ அண்ணா, அன்றைக்கே என்னை நாலு திட்டுத் திட்டியிருக்கக் கூடாதா?

ஆகவே சாமுவேல் சாருக்கும் சனிக்கிழமை நண்பர்களுக்கும் கைகூப்பிக் கேட்கிறேன். நினைவு நாள் ஜெபம் முடிந்ததும் இன்ஸ்டிட்யூட்டில் கூடுங்கள். அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, தப்பு தங்கையுடையது என்று எழுதிக் கோடம்பாக்கத்துக்கு இன்னொரு கடிதம் அனுப்புங்கள். முதல் கையெழுத்து நான் போடுகிறேன். கடைசி வாரம் இரவும் பகலும் அண்ணனைப் பார்த்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும், அடக்கத்துக்கு வந்து நின்ற ஐயருக்கும், ஆபீஸ் நண்பர்களுக்கும், என்னைத் தாங்கும் என் வீட்டுக்காரருக்கும் நன்றி. முனுசாமி அண்ணனுக்கும் நன்றி; அவர் மாட்டிக்கொண்ட அதே தப்பைச் செய்து மறைத்ததற்கு அவரிடம் மன்னிப்பும் கேட்கிறேன். நோட்டைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். தன் பேர் பக்கத்திலும் அண்ணன் பேர் பக்கத்திலும் இருந்த அந்த ஒரே வார்த்தையை மாறி மாறிப் பார்த்தார். "மனுசன் தனக்கே போட்டுக்கினாரா?" என்று கேட்டுவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அவரும் அவர் மனைவியும்தான் போன வாரம் என்னை வண்டலூர் டூரிங் கொட்டகைக்கு அழைத்துப்போனார்கள். அதே படம் அங்கே வந்திருந்தது. அந்தத் தமையன் பிழைக்கவில்லை. தங்கை அவன் மேல் விழுந்து ஒரு பாட்டு முழுக்க அழுதாள். இதற்கா அண்ணன் ஓட்டு என்று அன்று சாமுவேல் சார் கேட்காதது, சாகக் கிடந்தவர் மனசு இளகிவிட்டது என்று எண்ணித்தான் போலும். நோட்டில் அண்ணன் எழுதியது சரி. அரை டிக்கெட்டை நோட்டில் ஒட்டிவிட்டேன்.

அண்ணா, இந்த முறை கடைசி வரைக்கும் உட்கார்ந்து பார்த்தேன். வெளியே வந்தபோது கடைசி ரயில் போய்விட்டிருந்தது. தாம்பரம் வரை நடந்தே வந்தோம்.