இரண்டு கொடிக்கும் ஒரே துணி

எங்கள் குடும்பத்தில் வகுத்தல் கணக்குத் தெரிந்த முதல் ஆள் நான். அப்போது எனக்குப் பத்து வயது. அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அப்பா பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். எங்கள் கண்டிப் பக்கத்துப் பல்லேகல மைதானத்தில் இந்தியாவும் இலங்கையும் கிரிக்கெட் ஆட வருகின்றன, கொடி தைத்து விற்கலாம் என்று சித்தப்பா சொன்னபோது, துணியை எப்படி வெட்டுவது என்று தீர்மானிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதில் எனக்கிருந்த பெருமையை இன்றைக்கும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

மைதானம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். தேயிலைத் தோட்டத்தை விட்டு இறங்கி வந்த அப்பாவுக்கு அங்கே தொழிற்பேட்டையில் மூட்டை ஏற்றும் வேலை. அம்மாவுக்குக் கார்மெண்ட்டில் தையல். துணி கொடுத்தவர் மடவளையில் கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரி. நானா என்றுதான் அவரை அழைப்போம். சிங்கம் அச்சடித்த சிவப்புத் துண்டுகளும், சக்கரம் அச்சடித்த வெள்ளைத் துண்டுகளும், கரை பிடிக்க மஞ்சள் துணியும் வந்தன. பச்சையும் செம்மஞ்சளும் ஒவ்வொரு சுருள்தான். இந்தியக் கொடியில் அகலமாகப் படுத்திருக்கும் அந்த இரண்டு நிறமும் எங்கள் கொடியில் ஓரமாக, ஒடுக்கமாக நின்றுகொண்டிருக்கும்.

சித்தப்பா இந்தியாவின் பக்கம். எங்கள் மேட்டில் வானொலியைத் திருகினால் கொழும்பு இரையும், திருச்சி தெளிவாகக் கேட்கும். ஆகவே முழுப் பழியையும் அவர்மேல் போட முடியாது.

"பாப்பா, இந்தியாவ மொதல்ல வெட்டு. பெருசா வெட்டு," என்றார். "இந்தியாக்காரங்க கொழும்புல இருந்து பஸ் புடிச்சு வாராங்க. கைக்குட்டைய ஆட்டவா வாராங்க?"

வகுத்து, கோடு போட்டு வெட்டினேன். மீதி இலங்கைக்குப் போதும் என்று கணக்குச் சொன்னது. ஆனால் தையலுக்கு மடித்துவிடும் ஓரத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. கார்மெண்ட்டில் வெட்டிய துண்டுகள்தான் அம்மாவின் கைக்கு வரும் என்பதால் அவரும் கவனிக்கவில்லை. ஆட்டத்தன்று காலை அம்மா மெஷினை நிறுத்தினார்.

"பாப்பா, பச்சை முடிஞ்சிருச்சே. ஆரஞ்சும் இல்ல. இன்னும் பன்னெண்டு சிங்கம் கெடக்கு."

கணக்குப் பிழைத்ததென்று ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. சந்தியில் ஒரு லொறியில் பறந்த கொடி நினைவுக்கு வந்தது. அதில் சிங்கமும் மஞ்சள் கரையும் மட்டும்தான் இருந்தன, கோடுகளே இல்லை.

"அப்படியும் கொடி இருக்கும்மா, நான் பாத்திருக்கேன். மஞ்சள மட்டும் வச்சு அடிங்க."

படித்த பிள்ளை சொன்னால் அம்மாவுக்கு மறுபேச்சில்லை. பன்னிரண்டும் தயாராகின. எங்கள் கொடியில் பச்சைக் கோடு முஸ்லிம்களுக்கு, செம்மஞ்சள் தமிழருக்கு என்று பரீட்சையில் எழுதி முழுப் புள்ளி வாங்கியவள் நான்.

கொடிக்கம்புகளோடு வந்த நானா ஒன்றை விரித்துப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"என்ன தங்கச்சி, எங்களயும் ஒங்களயும் ஒரே வெட்டுல நாட்ட விட்டே அனுப்பிட்டீங்க? நீங்களாவது கப்பலேறலாம். நாங்க எங்க போற?"

"பாப்பாதான் கணக்குப் போட்டுச்சு நானா," என்றார் அம்மா.

சித்தப்பாவும் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. கோடில்லாத கொடிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு பக்கம் வைத்தார். பிறகு, மடித்து வைத்திருந்த இந்தியக் கொடிகளில் பெரியதாக மூன்றை இழுத்து, பிளேடால் தையலைப் பிரிக்கத் தொடங்கினார்.

சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, அதுதான் மொதல்ல போகும். கோடு இல்லாட்டி யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்."

"நம்ம பெரியண்ணன் இந்தியாவுலதான இருக்காரு. அவரு கொடியவா பிரிக்கிறீங்க?"

அப்பா பிளேடை மெதுவாக அடுத்த தையலுக்கு நகர்த்தினார்.

"அவரு கொடிய தைக்க அங்க ஆளு இருக்கு தம்பி. இத நாமதான் தைக்கணும்."

இந்தியாவின் ஒரு பட்டையிலிருந்து எங்களுக்கு நாலு கோடு வந்தது. இந்தத் தடவை ஓரத்தையும் சேர்த்து அளந்தேன். ஒரு நூல் அளவு ஒடுங்கினாலும் அப்பா திருப்பி வெட்டச் சொன்னார். மத்தியானத்துக்குள் பன்னிரண்டு கொடிகளும் வேலியோரம் நின்றன. சித்தப்பாவின் கொடிகள் முதல் பஸ்ஸிலேயே தீர்ந்துவிட, மூன்று போயிற்றே என்று மாலைவரை முணுமுணுத்தார். முகத்தில் சாயம் பூசிய சிங்களப் பையன்கள் எங்கள் பன்னிரண்டையும் வாங்கி ஆட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். அப்பா நிமிர்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னாளில் பல்கலைக்கழகத்தில் அயல்நாட்டு உறவுகள் பற்றிப் படித்தேன். தலைமன்னாரிலிருந்து இந்தியக் கரைக்குள்ள தூரம், கண்டியிலிருந்து குருநாகலுக்குப் போகும் தூரம்கூட இல்லை. கடல் அவ்வளவு ஒடுக்கமாக இருந்ததால்தான் வெள்ளைக்காரர்கள் கோப்பிக்கும் தேயிலைக்கும் எங்கள் ஆட்களை எளிதாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். பிறகு இரண்டு நாடுகளும் ஒரு மேசையில் உட்கார்ந்து, அங்கே இத்தனை பேர், இங்கே இத்தனை பேர் என்று எங்களைப் பங்கு போட்டுக்கொண்டன. அதில் பெரியப்பா இந்தியாவுக்குக் கப்பலேறினார். அப்பா எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவராக இங்கே நின்றார்.

நான் பட்டம் வாங்கிய வாரத்தில்தான் அம்மா மீதியைச் சொன்னார். குடியுரிமைப் பத்திரத்துக்காக அப்பா எத்தனையோ நாட்கள் வரிசையில் நின்றாராம். காரியாலயச் சுவரில் எதிரே கொடி. அதில் செம்மஞ்சள் நம்முடைய கோடு என்று பக்கத்தில் நின்ற யாரோ சொன்னாராம். பெயர் கூப்பிடும்வரை அதையே பார்த்துக்கொண்டு நிற்பாராம்.

அன்று காலை எனக்கு இதெல்லாம் தெரியாது. இந்தியக் கொடியின் தையலில் அப்பாவின் பிளேடு ஏன் அவ்வளவு மெதுவாகப் போனது என்று கேட்கவும் தோன்றவில்லை. துணி கிழிந்துவிடக் கூடாது என்றுதான் பார்க்கிறார் என்று நினைத்து, பக்கத்தில் உட்கார்ந்து நூலைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.