குத்திப் பார்க்காத மூட்டை

எங்கள் அப்பா மயிலாடும்பாறையில் மானாவாரி நிலத்தை நம்பிய குடும்பத்தில் பிறந்தார். மழை ஏமாற்றிய காலத்தில் போடிக்கு வந்து, ஏலக்காய் மண்டியில் மூட்டை தூக்கி, பிறகு சொந்தமாகக் கடை வைத்தார். மூட்டையில் குத்தூசியைச் செருகி, உள்ளங்கையில் விழும் காயைப் பார்த்துத்தான் விலை பேசுவார். வாங்கப் போவதில்லை என்றால் குத்தூசியைத் தொடவே மாட்டார். "அடுத்தவுக சாக்கை எதுக்கு ஓட்டை போடணும்?" என்பார்.

அம்மா போன பிறகு அப்பாவுக்கு விடாத இருமல் வந்தது. ஸ்கேனில் நுரையீரலில் கட்டி தெரிந்தது. புற்றுநோயாக இருக்கலாம், ஊசி வழியாகச் சதை எடுத்துச் சோதித்தால்தான் உறுதியாகும் என்றார் டாக்டர். அப்பாவிடம் சளிக்கட்டி என்று சொல்லிவைத்துவிட்டு, நானும் தம்பியும் வாசலில் நின்று சண்டை போட்டோம். எடுத்தே ஆகவேண்டும் என்றான் அவன். எண்பதைத் தாண்டிய உடம்பை ஏன் நோகடிக்கவேண்டும் என்றேன் நான். அவரையே கேட்போம் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

எங்கள் சண்டை அவர் காதில் விழுந்திருக்கவேண்டும், அடுத்த முறை டாக்டரிடம் போனபோது அப்பாவே கேட்டுவிட்டார்.

"டாக்டரய்யா, அது புத்துன்னே தெரிஞ்சாலும் வைத்தியத்தை என் உடம்பு தாங்குமா?"

"கஷ்டம்தான்யா. இருதயம் பலவீனமா இருக்கு. ஊசி குத்திச் சதை எடுக்குறதுலயே ஆபத்து இருக்கு."

"அப்ப வேணாம்யா. வாங்காத மூட்டைய நான் குத்துனதில்ல."

தம்பி அங்கேயே உடைந்துபோனான். "என்னன்னு தெரிஞ்சா மனசாவது ஆறும்லப்பா."

"ஏலே, உன் மனசு ஆறவா என்னையக் குத்தணும்?"

அதன்பின் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டியதால் நாற்காலியில் சாய்ந்தே தூங்கினார். வீரபாண்டித் திருவிழாவுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். எங்களால் முடியவில்லை. கொடி இறங்கும் முன்பே அப்பா போய்விட்டார்.

எதையும் மறைக்காமல் பேசி, வலி தெரியாமல் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும், கூப்பிட்டபோதெல்லாம் ஆட்டோவோடு வந்து நின்ற எதிர்வீட்டு அண்ணனுக்கும், கடையடைத்துவிட்டு வந்து பாடை சுமந்த மண்டிக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

துக்கம் கேட்க வந்த நீங்கள் எல்லோரும் "அப்பாவுக்கு என்ன நோயி?" என்று கேட்டீர்கள். அன்று வாய் வரவில்லை, இன்று எழுதுகிறேன். எங்களுக்குத் தெரியாது. "பாத்திருக்கலாம்க்கா" என்று தம்பி இன்னமும் போனில் அழுகிறான். வேண்டாம் என்று சொன்ன நானும் அவனோடு சேர்ந்து அழுகிறேன்.